இடதுகை உத்தரவு

ஜெயராணியின் வலது கை முறிந்த கதையைக் கடலூரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவள் கணவர் அன்பரசு பஸ் கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே தினமும் சில நூறு காதுகள் அவருக்குச் சும்மா கிடைக்கும். ஆகையால் அவர் சொன்ன கதைதான் நிலைத்தது. புதுச்சத்திரம் தாண்டி, போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து உதிர்க்கட்டும் என்று உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்களாம். ஜெயராணியின் ஸ்கூட்டர் அதன்மேல் வழுக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லையாம். நடுவில் ஓர் எருமை குறுக்கே நின்றிராவிட்டால் பரங்கிப்பேட்டைக் கடலில் போய்த்தான் நின்றிருக்குமாம். எருமைக்கு ஒன்றுமில்லை. ஜெயராணிக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு விட்டுப்போய் மாவுக்கட்டு.

எருமை பொய். உளுந்து நிஜம். கட்டும் நிஜம். கட்டுப் பிரிக்கும்வரை விரலைக்கூட ஆட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நிஜம். ஆனால் ஜெயராணியிடம் விரலை ஆட்டாதே என்பது, காவிரியிடம் கொஞ்சம் நின்று போ என்பது மாதிரி. திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோக்கிறவள் அவள். மாடியில் அவள் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால், கீழே டீக்கடைக்காரர் மழை பிடித்துவிட்டதென்று பாய்லருக்கு மேலே தார்ப்பாயை இழுத்துவிடுவார்.

மனைவியின் குணம் தெரிந்த அன்பரசு ஒரு காரியம் செய்தார். வீட்டுக் கம்ப்யூட்டரின் கீபோர்டைக் கழற்றி, டிக்கெட் பையோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். "என்னா கண்டக்டரே, இனிமே டிக்கெட்ட இதுலதான் அடிப்பீங்களா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் எருமைக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

ஜெயராணியின் இன்னொரு தொழில் சம்பளமில்லாதது. அது 2004இல் ஒட்டிக்கொண்டது. அச்சக முதலாளி மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருந்தது, தமிழ் எழுத்து மட்டும் தலைகீழாக வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். முகம் தெரியாத யார் யாருக்கோ மெயில் எழுதி, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டு அதைச் சரிசெய்தாள். சரிசெய்ததை மற்றவர்களுக்கும் கிடைக்கும்படி கட்டிக்கொடுக்கக் கேட்டார்கள். அன்று மாட்டியவள்தான்.

கட்டிக்கொடுப்பது என்றால் இதுதான். ஒரு புரோகிராமை எழுதுகிறவர் எழுதிவிட்டுப் போய்விடுவார். அது எல்லார் கம்ப்யூட்டரிலும் சண்டை போடாமல் உட்கார வேண்டுமே! அதற்கு எது எது துணைக்கு வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், புதுசு வந்தால் பழசை என்ன செய்வது, பழுது வந்தால் யாரைக் கேட்பது என்று எல்லாம் எழுதி ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். அந்தப் பொட்டலத்துக்குத்தான் பேக்கேஜ் என்று பேர். கட்டியதை லினக்ஸ் குழுவில் இருக்கும் பெரிய கைகள் பரிசோதித்துப் பொதுக் கிடங்கில் ஏற்றுவார்கள். அப்புறம் அது உலகத்துக்கே சொந்தம். ஜெயராணியின் பொட்டலங்களைப் பரிசோதிக்கிறவர் ஃபின்லாந்தில் இருக்கும் ஹெல்வி என்ற பெண்மணி. அவர் அதிகம் பேச மாட்டார். அவர் மெயிலில் 'சரி' என்று ஒரு சொல் வந்தால், அது மற்றவர்கள் பொன்னாடை போர்த்துவதற்குச் சமம்.

இந்த வேலைக்குப் புது ஆட்களைச் சேர்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்தில் ஒரு வகுப்பு வைத்தாள் ஜெயராணி. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தால் நேரே கீழவீதிச் சந்து. அங்கே மலிகாவும் அவள் கணவர் ஹபிபுல்லாவும் நடத்தும் பிரௌசிங் சென்டரில் வகுப்பு. நிறையப் பேர் வந்தார்கள். ஜெயராணி தங்கமான வாத்தியார். யாராவது தப்பும் தவறுமாக ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்தால், "பாவம், புதுசு" என்று தானே அவிழ்த்து, தானே கட்டி, தானே ஹெல்விக்கு அனுப்பிவிடுவாள். ஹெல்வி கேள்வி கேட்டாலும் தானே பதில் எழுதுவாள். வந்தவர்கள் முகம் வாடவே இல்லை. கொஞ்ச நாளில் வருவதையும் விட்டுவிட்டார்கள். ஏன் விடுகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. வெயில் காரணமாக இருக்கும் என்று நினைத்தாள். மழைக்காலத்திலும் விட்டார்கள்.

விடாமல் வந்தவர்கள் இருவர். ஒருத்தி மலிகா. இடம் அவளுடையது, அவள் எங்கே போவாள்? இன்னொருவர் பொன்னுரங்கம். கம்மாபுரத்துக்காரர், சுரங்க அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதிய விஷயமாக ஒரு மெயில் பார்க்க பிரௌசிங் சென்டருக்கு வந்தவர், இந்த லினக்ஸை யார் வேண்டுமானாலும் சேர்ந்து செய்யலாம் என்று மலிகா சொன்னதைக் கேட்டு, விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்றார். படிவமே இல்லை என்றார்கள். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் தானே ஒரு விண்ணப்பம் எழுதி, போட்டோ ஒட்டி, கெஜட்டட் அதிகாரி கையெழுத்தோடு கொண்டுவந்தார். ஜெயராணி தன்னைவிட இருபது வயது இளையவள் என்றாலும் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார்.

கை முறிந்த நேரத்தில்தான் விரல்நடைக்கு ஆபத்து வந்தது.

விரல்நடை என்பது தமிழில் தட்டச்சு கற்றுக்கொடுக்கும் ஒரு புரோகிராம். அதை எழுதியவர் வெளிநாடு போய் மறந்தேபோனார். பொட்டலம் கட்டிக் காப்பாற்றி வந்தவள் ஜெயராணி. சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள். அவர்கள் தட்டும் ஒவ்வொரு பாடமும் அதிலேயே சேர்ந்திருக்கும். இப்போது அதில் ஒரு கோளாறு கண்டுபிடித்தார்கள். புதிய பதிப்பை ஏற்றினால் பிள்ளைகள் சேமித்த பாடமெல்லாம் ஒட்டுமொத்தமாக அழிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கோளாறை வைத்துக்கொண்டு ஒரு பொட்டலம் புது வெளியீட்டில் இருக்க முடியாது. ஞாயிறு மாலைக்குள் திருத்தம் வராவிட்டால் விரல்நடையை நீக்குவதாக ஹெல்வி அறிவித்துவிட்டார். நீக்கினால் அடுத்த வெளியீடு வர இரண்டு வருஷமாவது ஆகும். பள்ளிக்கூடத்திலோ கோடை விடுமுறையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது வெளியீட்டை ஏற்றப்போகிறார்கள். விரல்நடை அதில் இல்லையென்றால் பிள்ளைகளுக்கும் இல்லை.

ஜெயராணி படுக்கையிலிருந்தே போனில் வேலையைப் பிரித்துக்கொடுத்தாள். பொன்னுரங்கம் கோளாறைத் திருத்த வேண்டும், மலிகா சோதித்துப் பார்க்க வேண்டும். பொன்னுரங்கம் மறுநாளே போன் செய்தார்.

"மேடம், புடிச்சிட்டேன். பழைய சரக்க எடுத்துட்டுப் புதுசு வைக்கிறப்ப, கூடவே ஸ்டாக்கையும் அள்ளிக் குப்பையில போட்டுர்றான். ஒரே ஒரு வரி மேடம், அதான் எல்லா வேலையும் பண்ணுது."

அதற்கப்புறம் ஜெயராணிக்குத் தூக்கமில்லை. திருத்தத்தைக் கண்ணால் பார்க்கவில்லையே! கீபோர்டு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயிலைத் திறக்க வழியில்லை. வாரக் கடைசிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், ஞாயிறன்று எழுந்து புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அன்பரசு.

"உங்க பஸ்ஸுலதான் வரேன். சிதம்பரம் ஒண்ணு."

"ஏய், கையில கட்ட வச்சிக்கினு..."

"கட்டுக்கு டிக்கெட் தனியா போடுவீங்களா என்னா?"

அன்பரசு தோற்றார். வழியெல்லாம் ஓட்டுநரிடம், "மெதுவா போப்பா, உள்ள கண்ணாடி சாமான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிரௌசிங் சென்டரில் பொன்னுரங்கம் கஞ்சி போட்ட சட்டையோடு காத்திருந்தார். ஜெயராணியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க சார். வேலை என்னாச்சு?"

"செவ்வாக்கெழமையே முடிஞ்சிடுச்சி மேடம். மலிகா டெஸ்ட் பண்ணிச்சி. அன்னைக்கே அனுப்பிட்டேன்."

"ஆமாக்கா, நான் பழைய வெர்ஷன ஏத்தி, அதுமேல புதுச ஏத்திப் பாத்தேன். ஒண்ணுமே அழியல" என்றாள் மலிகா.

 ஜெயராணி கையில் வலி இருந்ததே மறந்துபோய் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்ப ஹெல்வி என்னா பதில் போட்டிருக்காங்க, காட்டு."

மலிகா குழுவின் பக்கத்தைத் திறந்தாள். விரல்நடைக்கு எதிரே ஹெல்வியின் குறிப்பு மட்டும் இருந்தது. அன்று காலையில் எழுதியது. யாரிடமிருந்தும் திருத்தம் வரவில்லை, மாலையில் நீக்குகிறேன், வருந்துகிறேன்.

"வரலையா? என்னா மாமா இது? அனுப்பிட்டேன்னீங்க?" என்று மலிகா திரும்பினாள்.

"அனுப்பிட்டேனே!"

"யாருக்கு அனுப்பினீங்க?"

"மேடத்துக்கு."

ஜெயராணி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"எனக்கா?" என்றாள் ஜெயராணி.

"உங்க மூலமாத்தான மேடம் போவணும்? நான் எப்புடி நேரா ஃபின்லாந்துக்கு எழுதறது?" பொன்னுரங்கம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உங்க மேலான பார்வைக்கும் மேல்நடவடிக்கைக்கும்னு போட்டுத்தான் அனுப்பினேன். தாமதமாச்சேன்னு வெள்ளிக்கெழமை ஒரு நினைவூட்டலும் அனுப்பினேன்."

மலிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லாஹ்! மாமா, அக்கா கீபோர்டு பஸ்ஸுல போவுதுன்னு ஊருக்கே தெரியும்!"

"அது தெரியும்மா. அதிகாரி லீவுல இருந்தாலும் ஃபைல் அவுங்க மேசைக்குத்தான போவணும்?"

மணி பதினொன்று தாண்டியிருந்தது. பன்னிரண்டுக்குக் கரண்ட் போகும், மூன்றுக்கு வரும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் சூரியன் தவறினாலும் கரண்ட் கட் தவறாது. சென்டரில் ஒரு யூபிஎஸ் இருந்தது. ஹபிபுல்லா அதை இதய நோயாளி என்பார். படியேறினால் மூச்சு வாங்கும், பேசினால் நின்றுவிடும்.

"சரி, எழுதுங்க சார். இப்பவே ஹெல்விக்கு" என்றாள் ஜெயராணி.

பொன்னுரங்கம் எழுந்து நின்றுவிட்டார். "வேணாம் மேடம். நீங்க இருக்கும்போது நான் எழுதினா நல்லாருக்காது. எங்க ஆபீசுல காத்தவராயன்னு ஒரு கிளார்க் இருந்தான். நல்ல யோசனைதான், நேரா பெரிய அதிகாரிக்கே எழுதிப்புட்டான். யோசனைய ஏத்துக்கிட்டாங்க. அவன பம்ப் ஹவுசுக்கு மாத்திட்டாங்க. ரிட்டயர்டு ஆவற வரைக்கும் தண்ணியத்தான் பாத்துக்கினு இருந்தான்."

"ஃபின்லாந்துல பம்ப் ஹவுஸ் இல்ல மாமா!"

"நமக்கு என்னாம்மா தெரியும்?"

ஜெயராணிக்குப் பொறுமை போய்விட்டது. மலிகாவை நகரச் சொல்லிவிட்டு, இடது கையால் தன் மெயிலைத் திறந்தாள். அங்கே இருந்தது பொன்னுரங்கத்தின் மெயில், அதன்கீழ் நினைவூட்டலும் இருந்தது. திருத்தத்தைப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. ஆனால் இந்த வரியைக் கொஞ்சம் மேலே தூக்கினால் அழகாக இருக்கும். அந்தக் குறிப்பை வேறு மாதிரி எழுதலாம். இடது ஆள்காட்டி விரல் தானாகவே கீபோர்டில் இறங்கிக் கொத்த ஆரம்பித்தது.

மலிகா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, கையெடுங்க."

"ஒரு நிமிஷம்டி, இத மட்டும்..."

"எத்தன வருஷமாக்கா நான் வரேன்? இந்தப் பக்கத்துல எங்கனாச்சும் என் பேரு இருக்கா பாருங்க. நான் கட்டினத நீங்க அவுத்துக் கட்டி, நீங்களே அனுப்பி, நீங்களே பதில் சொல்லி... இங்க வந்துட்டுப் போன அத்தன பேரும் உங்கள நல்லவுங்கன்னுதான் சொல்றாங்க. யாராச்சும் நான் இத செஞ்சேன்னு சொல்றாங்களா?" மலிகா கோபமாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் முடிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மாமா உங்கள ஆபீசரா நெனச்சதுல தப்பே இல்லக்கா. நீங்கதான் அந்த ஆபீச நடத்தறீங்க."

ஜெயராணி இடது கையை மடியில் வைத்தாள். வகுப்புக்கு ஆட்கள் வராமல் போனதற்கு வெயிலும் மழையும் காரணமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். கெஞ்சினால் இவர் நகர மாட்டார். தோழமை, சமத்துவம், திறந்த மூலம் என்று பேசினால் கேட்டுவிட்டு, உங்கள் மூலமாக என்பார். இவருக்குப் புரியும் பாஷை ஒன்றே ஒன்றுதான்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மிஸ்டர் பொன்னுரங்கம்."

அவர் விறைத்தார். "மேடம்?"

"விரல்நடை சம்பந்தமா இனிமே எல்லாக் கடிதத்தையும் நீங்களே நேரா அனுப்பணும். என் மூலமா அனுப்பக் கூடாது. இது உத்தரவு."

பொன்னுரங்கம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆனாலும் நகரவில்லை. கூச்சத்தோடு சொன்னார்: "எழுத்து மூலமா குடுத்தீங்கன்னா சௌகரியமா இருக்கும் மேடம்."

மலிகா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஜெயராணி சிரிக்கவில்லை. பிரிண்டரில் கிடந்த ஒரு தாளை எடுத்து, இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். திரு. பொன்னுரங்கம் நேரடியாக எழுத இதன்மூலம் அதிகாரம் அளிக்கப்படுகிறது. கீழே கையெழுத்து. அது கையெழுத்தா, தாளில் நடந்துபோன நண்டா என்று சொல்ல முடியாது. பொன்னுரங்கம் இரண்டு கையாலும் வாங்கி, படித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானையும் போட்டார். பிறகு உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

எழுதினார். இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தையும் சாவி போட்டுத் திறப்பது மாதிரி. ஆங்கிலத்தில் பணிவுடன் சமர்ப்பித்தார். திருத்தத்தை இணைத்தார். அனுப்பினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வியர்வை காய்வதற்குள் ஹெல்வியிடமிருந்து பதில் வந்துவிட்டது. ஒரே கேள்வி. ரொம்பப் பழைய பதிப்பில் பாடங்கள் வேறொரு இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும், அவையும் தப்புமா?

 ஜெயராணிக்கே பதில் தெரியாது. வாயைத் திறந்தாள், ஆனால் பொன்னுரங்கம் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய கொடவுன்ல இருக்கற சரக்கும் கணக்குல வரணுமில்ல மேடம்? அதையும்தான் பாத்துட்டமே. மலிகா, அந்த டெஸ்ட் ரிசல்ட்டு எங்கம்மா?"

"இருங்க மாமா, எடுத்துத் தரேன். என் பேரையும் போடுங்க. கே. மலிகா சோதித்தார்னு போடுங்க."

"முழுப் பேரா போடவா?"

"போடுங்க மாமா, கரண்ட் போயிரும்!"

அவர் அனுப்பு என்பதை அழுத்தவும் விளக்குகள் அணையவும் சரியாக இருந்தது. மின்விசிறி தயங்கி நின்றது. யூபிஎஸ் ஒருமுறை கூவியது, இன்னொருமுறை முனகியது, அவ்வளவுதான். திரை கறுத்தது.

"போச்சா?" என்றாள் மலிகா.

"மெயில் போய்ச் சேந்துச்சா, இல்ல கரண்டோட போச்சான்னு தெரியல" என்றார் பொன்னுரங்கம்.

மூன்று மணிவரை காத்திருந்தார்கள். ஹபிபுல்லா வீட்டிலிருந்து நெய்ச்சோறு கொண்டுவந்தார். ஜெயராணிக்கு மலிகா ஊட்டிவிட்டாள். பொன்னுரங்கம் சாப்பிடவில்லை. சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மத்தியானம் சிதம்பரத்து வெயில் எப்படி இருந்தது என்றால், கோபுரத்து நிழல்கூட நிழல் தேடிக் கோயிலுக்குள் போய்விட்டது.

விளக்கு வந்தது. கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்து, தன் உடம்பையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு, பிராட்பேண்டைத் தேடிப் பிடித்தது. மலிகா பக்கத்தைத் திறந்தாள். மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டின.

விரல்நடைக்கு எதிரே சிவப்பு போய்ப் பச்சை இருந்தது. திருத்தம்: பொன்னுரங்கம். சோதனை: கே. மலிகா. அதன்கீழ் ஹெல்வியின் ஒரே ஒரு சொல். 'சரி.'

ஜெயராணி பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சில் சென்டரின் தூசியெல்லாம் எழுந்து கீழவீதிக்குப் போனதாக அன்பரசு பின்னாளில் பஸ்ஸில் சொன்னார். அவர் அங்கே இல்லவே இல்லை. மலிகா தன் பேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், திரையில் விரல் ரேகை விழுந்தது. ஹபிபுல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இதுக்கு என்னா தருவாங்க?" என்று கேட்டார் அவர். "ஒண்ணும் தர மாட்டாங்க" என்றாள் அவள், லாட்டரி விழுந்த முகத்தோடு. பொன்னுரங்கம் ஆறிப்போன நெய்ச்சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பந்தியில் பரிமாறும் வாளிக்காரரே பயப்படும்படி சாப்பிட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த விடுமுறைக்கப்புறம் விட்ட இடத்திலிருந்தே தட்டினார்கள். தங்கள் பாடம் அழியப் பார்த்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது கூட்டம் குறைவதில்லை. புதிதாக வருகிறவர்கள் கட்டிக் கொண்டுவரும் கோணல் பொட்டலத்தைப் பார்க்கும்போது ஜெயராணியின் விரல்கள் துடிக்கத்தான் செய்கின்றன. அப்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க தப்பு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்பாள். கொஞ்சம் அழுவார்கள். ஆனால் திரும்ப வருகிறார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் அவள் வீட்டில் போன் அடித்தது. பொன்னுரங்கம்.

"மேடம், பிரேசில்லேர்ந்து ஒருத்தர் விரல்நடையப் பத்திக் கேட்டிருக்காரு. அங்க ஒரு தமிழ்க் குடும்பமாம்."

ஜெயராணி பாயிலிருந்து பாதி எழுந்தாள். "என்னா கேட்டாரு? நான் பாத்து..."

"வேணாம் மேடம், பதில் எழுதிட்டேன். தங்கள் தகவலுக்காக மட்டும்தான் சொல்றேன்."

ஜெயராணி திரும்பப் படுத்து, தலையணையைச் சரிசெய்துகொண்டு, இத்தனை வருஷமாக வராத மத்தியானத் தூக்கத்தைச் சாவகாசமாகத் தூங்கினாள்.